காது கொடுக்க ஓர் ஆள்

"பையனுக்கு வியாழக்கிழமை கவுன்சலிங்" என்று எங்கள் தெருவில் ஓர் அம்மாள் சொன்னால், அடுத்த வீட்டு அம்மாள் "எந்தக் காலேஜ் கிடைக்கும் போலிருக்கு?" என்றுதான் கேட்பாள். ஒரு பள்ளி ஆசிரியர் "எனக்கு அடுத்த வாரம் கவுன்சலிங்" என்று சொன்னால், அவருக்கு இடமாறுதல் வரப்போகிறது என்று அர்த்தம். மனம் கலங்கி நிற்கும் ஒரு குழந்தையை உட்கார வைத்து, அது சொல்வதைக் கேட்டு, அதுவே ஒரு வழியைத் தேடிக்கொள்ள உதவி செய்வதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அது. நாம் அதை இடம் பங்கிடும் காரியத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டோம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சான்றிதழ்ப் பையும் சோற்று மூட்டையுமாகப் பெற்றோர்கள் காத்துக் கிடந்த காட்சி 2018-ல் கணினிக்குள் போய்விட்டது. சொல்லின் பொருள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதைக் கண்டித்துப் பேச எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், முழுக்க உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். நானும் ஒரு ரிப்பன் வெட்டியவன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரும் பேரும் வேண்டாம். சொன்னால், அது அந்த ஒரு பள்ளியின் குற்றம் என்று நினைத்து நீங்கள் நிம்மதி அடைந்துவிடுவீர்கள். விழாவுக்கு முன்பாக மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். வெளிர்நீலச் சுவர், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு புத்தர் படம். வாசலில் 'மாணவர் ஆலோசனை அறை' என்று பளபளக்கும் பலகை. உளவியல் படித்த இளம் பெண் ஒருவர் புதுப் புடவையில் கைகுவித்து நின்றார். நான் ரிப்பனை வெட்டினேன்; சால்வையைப் பெற்றுக்கொண்டேன். குழந்தைகளின் கண்ணீரைத் துடைக்க ஒரு கை வந்துவிட்டது என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். நன்றாகக் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து திருப்தியாகத் தூங்கினேன்.

மறு வருஷம் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தார். வேலையை விட்டுவிட்டாராம். என்னிடம் சிபாரிசு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்க வரவில்லை, சொல்ல வந்திருந்தார்.

அந்தப் பள்ளியில் ஆயிரத்தெண்ணூறு பிள்ளைகள். ஆலோசகர் அவர் ஒருவர். முதல் மாதத்திலேயே, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். பிறகு, கட்டணம் கட்டாத வீடுகளுக்குப் போன் செய்யும் வேலையையும் கொடுத்தார்கள். காலையில் அப்பாவிடம் பாக்கியைக் கேட்ட அதே குரல், மத்தியானம் மகளைப் பார்த்து, "மனசில் இருப்பதைச் சொல்லம்மா" என்றால் அவள் சொல்வாளா?

இருந்தும் ஒருத்தி சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் பெண். தகப்பனாரின் குடி, ராத்திரியில் வீட்டில் நடக்கும் ரகளை, இவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரி படிக்காமல் விடியும் வரை உட்கார்ந்திருப்பது. முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாளாம். மேஜை மீது ஒரு நோட்டு இருந்தது. யார் வந்தார்கள், என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 'வீட்டில் பிரச்சினை, தந்தையின் குடி' என்று ஒரு வரி எழுதினார் ஆலோசகர். சாயங்காலம் நோட்டு அலுவலகத்துக்குப் போயிற்று. மறுநாள் தாயாருக்கு அழைப்பு போயிற்று. "வீட்டு விஷயத்தையெல்லாம் பள்ளிக்கூடத்தில் வந்து சொல்கிறாளே, கண்டிக்கக் கூடாதா?" என்று கேட்டார்களாம். கண்டித்தார்கள். முதுகில் தழும்பு தெரியும் அளவுக்குக் கண்டித்தார்கள்.

"அவள் மறுபடி என் அறைப் பக்கம் வரவில்லை சார். அவள் மட்டுமல்ல, அதற்குப் பிறகு யாருமே வரவில்லை. பிள்ளைகளுக்குள் எல்லாம் தெரிந்துவிடும். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றார்.

அவர் எழுதியது ஒரு வரி. நான் பத்து நிமிஷம் பேசியவன். அந்த நோட்டு யாரிடம் இருக்கும், யார் படிப்பார்கள் என்று ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லையே! அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும், ஆனால் அவர் கையில் பிரம்பும் இருக்கக் கூடாது, மதிப்பெண் பட்டியலும் இருக்கக் கூடாது, கட்டண ரசீதும் இருக்கக் கூடாது. அவரிடம் ஒரு குழந்தை சொன்னது அவரோடு நிற்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஆலோசனை அறை, ஒற்றர் அறை. அதைவிட அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தலாம். பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதல் மறுப்பு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. என் நண்பர், நல்ல மனிதர். "நம் காலத்தில் எவன் ஐயா நமக்கு ஆலோசனை சொன்னான்? நாமெல்லாம் உருப்படவில்லையா?" என்கிறார்.

உருப்பட்டவர்கள் நாம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். உருப்படாமல் போனவன் இந்த விவாதத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அப்படி ஒருவனைத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி.யில் என் பெஞ்சுத் தோழன். அந்தக் காலத்தில் தேர்வு முடிவு தினசரியில் வரும். பொடி எழுத்தில் வரிசை வரிசையாக எண்கள். பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டுக்காக நாங்கள் ஊர்க்கோடியில் காத்திருப்போம். என் எண் இருந்தது. அவனுடையது இல்லை. விரலை வைத்து மூன்று தரம் தேடினான். கணக்குப் பாடத்தில் அவனுக்கு இருந்த பயம் எனக்குத் தெரியும், அந்தக் கணக்கு வாத்தியாருக்கும் தெரியும், அவன் தாயாருக்கும் தெரியும். தெரிந்த மூன்று பேரில் ஒருவராவது அதை அவனிடம் பேசியதில்லை. நான் என் எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன். அன்று ராத்திரி அவன் ஊரை விட்டுப் போனான். இன்று வரை வரவில்லை. அவன் தாயார் சாகும் வரை தபால்காரரை வாசலில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். "எவன் நமக்கு ஆலோசனை சொன்னான்?" என்று யாராவது பெருமையாகக் கேட்கும்போது எனக்கு அந்தத் தாயாரின் ஞாபகம்தான் வருகிறது.

அவன் ஒருவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தேர்வு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வீடு, வறுமை, அவமானம், நோய் என்று எத்தனையோ சேர்ந்துதான் ஒரு பிள்ளையை அந்த விளிம்புக்குக் கொண்டு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பள்ளி நேரத்தில் பள்ளி நாற்காலியில் நம் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவைதான் என்பதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு: "ஆசிரியர் எதற்கு இருக்கிறார்? அவரே கேட்கட்டுமே!"

கேட்கட்டும். கேட்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நமஸ்காரம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆவேசமாகப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை, பரீட்சித்தே பார்த்திருக்கிறார்கள். பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வு அது. 2018-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. சுவர்ப் பத்திரிகை, மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, குழுப் பேச்சு, தனி ஆலோசனை என்று ஒரே திட்டம். சில பள்ளிகளில் அதை நடத்த, பயிற்சி பெற்ற வெளியாள் ஒருவரை வைத்தார்கள். அவர் மனநல மருத்துவர் அல்ல, உள்ளூர்க்காரர். வேறு சில பள்ளிகளில் அதே பயிற்சியை ஓர் ஆசிரியருக்குக் கொடுத்து அவரையே நடத்தச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், வெளியாள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஒருவரை ஒருவர் கொடுமை செய்வது குறைந்திருந்தது. பள்ளியைப் பற்றிய பிள்ளைகளின் எண்ணமே நல்லபடியாக மாறியிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அப்படி ஒரு மாறுதலும் இல்லை.

ஆசிரியர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. நம் ஊர் ஆசிரியரைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலுக்கு அவர். மக்கள்தொகைக் கணக்குக்கு அவர். தினமும் இணையதளத்தில் பதிவேற்ற ஆயிரம் விவரம். அதற்கு மேல், 'மெல்லக் கற்போர்' என்று நாகரிகமாகப் பெயர் சூட்டிய பிள்ளைகளைத் தேர்ச்சி பெறவைக்காவிட்டால் அவரே கூண்டில் நிற்க வேண்டும். முதல் மணியில் "ஏண்டா எட்டு மார்க்?" என்று கேட்டவர், இரண்டாம் மணியில் "என்னப்பா கஷ்டம்?" என்று கேட்டால், பையனுக்கு இரண்டு கேள்வியும் ஒன்றாகத்தான் கேட்கும். ஆசிரியர் செய்ய வேண்டியதும் செய்யக்கூடியதும் வேறு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடுகிற பையன், திடீரென்று எழுத்துக் கோணலாகிப் போன பெண், திங்கட்கிழமை தோறும் வராத பிள்ளை - இவர்களைக் கவனித்து, ஆலோசகர் இருக்கும் அறையைக் காட்ட வேண்டும். அதற்கு அப்படி ஓர் அறையும் அதில் ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

நம் அரசுப் பள்ளிகளிலும் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர், நல்ல எண்ணம். 2018-ல் வந்த 14417 என்ற கல்வி உதவி எண்ணும் நல்லதுதான். 104-ம், 2022-ல் ஆரம்பித்த 'டெலி மானஸ்' 14416-ம் ஆபத்து வேளையில் உயிரைக் காக்கக் கூடியவை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். ஆனால் நாலந்தாவிலும் பெட்டி இருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளியிலும் இருந்தது. அங்கே அதனால் ஒன்றும் ஆகவில்லையே! பெட்டிக்குக் காது இல்லை. திறந்து படித்து, அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்து, மறுநாள் எதிரே உட்காரும் ஆளுக்குத்தான் காது உண்டு.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தேர்வுக் காலம் வந்தால் பள்ளிகள் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கூப்பிட்டு மைதானத்தில் கூட்டம் போடுகின்றன. வெயிலில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பிள்ளைகளிடம் "உன்னால் முடியும்!" என்று அவர் கத்துகிறார்; "முடியும்!" என்று பிள்ளைகளும் கத்துகின்றன. முடியாத பிள்ளை அந்தக் கூச்சலில் இன்னும் தனியாகிப் போகிறது. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே பலன் தந்தது, பிள்ளைகள் தாங்களே சிறு நாடகம் நடித்து, துயரம் வந்தால் என்ன செய்வது, தோழனுக்கு வந்தால் எப்படித் துணை நிற்பது என்று தாங்களே பேசிப் பார்த்த வகுப்புகள். ஒரு வருஷத்தில் தற்கொலை முயற்சிகள் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட ஏறக்குறையப் பாதியாயின. பேசியவர்கள் பிள்ளைகள், பெரியவர்கள் கேட்டார்கள். நாம் செய்வது இதற்கு நேர் எதிர்.

மூன்றாவது மறுப்பு பணம். இதைச் சொல்லும்போது எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டி அலுவலர்களைப் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 1953-லேயே எழுதிவைத்தது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, படிப்படியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்! ஆகாயத்தில் ஸ்புட்னிக் பறந்ததைப் பார்த்து மிரண்ட அமெரிக்கா, 1958-ல் சட்டம் செய்து, மற்றவற்றோடு பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் பணம் ஒதுக்கியது. இன்று அந்த நாட்டு ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது. அங்கேயும் அது எல்லா இடத்திலும் நிறைவேறவில்லை. ஆனால் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைக் கூறு கூறாகப் பிரிக்க வேண்டாம், பலர் முன்னிலையில் அவமானப்படுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பள்ளி நடத்துகிறவர்கள் வெட்கப்பட வேண்டாமா?

பணம் இல்லையாம்! 2017-ல் அரசு முதலிட, இரண்டாமிடப் பட்டியலை ஒழித்தது. ஒழிந்ததா? மே மாதம் எந்தப் பள்ளி வாசலுக்கும் போய்ப் பாருங்கள். அறுநூறுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு வாங்கிய குழந்தைகள் ஆளுயரப் பேனர்களில் சிரிக்கிறார்கள். அந்தப் பேனர்களுக்கும் பத்திரிகை விளம்பரங்களுக்கும் பணம் இருக்கிறது. அந்தப் பேனருக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நுழையும் பிள்ளைக்குக் காது கொடுக்க மட்டும் பணம் இல்லை.

நான்காவது மறுப்புக்கு நான் மரியாதை தருகிறேன். "என் குழந்தையின் மனசில் இருப்பதை எனக்குச் சொல்லாமல் ஒரு மூன்றாம் மனுஷி பூட்டி வைத்துக்கொள்வதா?" என்று ஒரு தாய் கேட்கிறாள். நியாயமான கேள்வி.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் பூட்டி வைக்கக் கூடாது. யாராவது அதனிடம் முறைகேடாக நடந்திருந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். நல்ல ஆலோசகர் முதல் நாளே குழந்தையிடம் இந்த எல்லையைச் சொல்லிவிடுவார்: "இன்னின்ன விஷயம் என்றால் உனக்காக வேறு ஒருவரிடம் நான் பேச வேண்டி வரும், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்." மற்றதெல்லாம் குழந்தையின் சொத்து. தாய்க்குத் தெரிய வேண்டியது இருந்தால், குழந்தையே தாயிடம் சொல்லும்படி அதற்குத் தைரியம் தருவதும், சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும்தான் ஆலோசகரின் வேலை. நான் சொன்ன அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் தாயாருக்கும் ஓர் ஆறுதல் தேவைப்பட்டது. குடிகாரக் கணவனோடு ராத்திரியெல்லாம் போராடியவள் அவளும்தானே? பள்ளி அவளைக் கூப்பிட்டு வழி சொல்லியிருக்கலாம். குடியை மாற்ற எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று சொல்லியிருக்கலாம். குற்றவாளி மாதிரி நிற்க வைத்தது. நின்றவள் கோபத்தை வீட்டுக்குக் கொண்டு போனாள்.

நிர்வாகங்களைத் திட்டி முடித்துவிட்டால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும், வாசகர்களே, எனக்கும் சௌகரியம்தான். ஆனால் பள்ளிகள் நாம் கேட்பதைத்தான் விற்கின்றன. சேர்க்கைக்குப் போகும்போது நாம் என்ன கேட்கிறோம்? "எத்தனை சதவீதம்? நீட்டுக்குக் கோச்சிங் உண்டா? பஸ் எங்கள் தெருவுக்கு வருமா?" இத்தோடு இனி நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆலோசகர் இருக்கிறாரா? அவர் வகுப்பு எடுக்கிறாரா, கட்டணம் வசூலிக்கிறாரா? பிள்ளை சொன்னதை அவர் யாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்? அழுகிற பிள்ளைகள் மட்டும்தான் அந்த அறைக்குப் போகின்றனவா, இல்லை, எல்லாப் பிள்ளைகளும் வருஷத்தில் ஒரு தடவையாவது உள்ளே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகின்றனவா? கடைசிக் கேள்வி முக்கியம். எல்லோரும் போகிற அறைக்குள் போக யாரும் கூச மாட்டார்கள். அங்கே மேல்படிப்பைப் பற்றிப் பேசலாம், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று பேசலாம். ஒரு பாடத்தில் போனால் துணைத் தேர்வு உண்டு, வருஷம் வீணாகாது என்று தேர்வுக்கு முன்னாலேயே பேசி வைக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை அன்று என் பெஞ்சுத் தோழனிடம் யாராவது சொல்ல முடிந்திருந்தால்!

போன மாதம் இன்னொரு பள்ளியிலிருந்து வந்திருந்தார்கள். புதிய ஆலோசனை அறையாம். நான்தான் திறந்து வைக்க வேண்டுமாம். பழமும் தாம்பூலமுமாகத் தட்டை நீட்டினார்கள். நான் தட்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டேன். "அந்த அறையில் ஒரு நோட்டு இருக்குமா? இருந்தால், சாயங்காலம் அது யாரிடம் போகும்?"

தாளாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் தட்டைப் பார்த்தார். "கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் சார்" என்று எழுந்துகொண்டார்கள்.

இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.